கொக்கின் மூக்கில் ஓட்டை

கொக்கின் மூக்கு இருந்த இடத்தில் ஒரு ஓட்டை இருந்தது. அந்த ஓட்டை வழியாக ஷமீம் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஒரு சனிக்கிழமை மத்தியானம். ஆம்பூரில் ஒரு சந்துக்குள் எங்கள் கடை. கடை என்றதும் பெரிதாக நினைத்துவிட வேண்டாம். ஒரு ஷட்டர், ஒரு கம்ப்யூட்டர் எம்பிராய்டரி மெஷின், ஒரு உயரமான மேசை, இரண்டு பிளாஸ்டிக் நாற்காலி. அவ்வளவுதான்.

மேசைமேல் மூன்று சாம்பல் நிறக் கோட்டுகள் கிடந்தன. ஷூ கம்பெனியில் வேலை செய்கிறவர்கள் உடுப்பு அழுக்காகாமல் இருக்க மேலே மாட்டிக்கொள்வார்களே, அந்த அரைக்கைக் கோட்டு. மூன்றிலும் இடது மார்பில் கம்பெனியின் சின்னமான கொக்கை நாங்கள்தான் போட்டுக் கொடுத்திருந்தோம். பதினைந்து நாள் தாங்க வேண்டிய கொக்குகள். நாலே நாளில் மூன்றும் திரும்பி வந்துவிட்டன.

ஒரு கொக்குக்குக் கால் இல்லை. இன்னொன்று கலைந்து, நீலமாக ஒரு மேகம்போல ஆகியிருந்தது. மூன்றாவதற்குத்தான் மூக்கில் ஓட்டை.

கடை வாசலில் கன்னியம்மா அக்கா காலிக் கட்டைப் பையோடு நின்றிருந்தார். அந்தப் பையில் போட்டுத்தான் மூன்றையும் கம்பெனியிலிருந்து எடுத்துவந்திருந்தார். உள்ளே வாருங்கள் என்று கூப்பிட்டும் வரவில்லை.

"மூக்கு நான் பண்ணதுதான்" என்றார். "மத்த ரெண்டும் எனக்குத் தெரியாது."

எனக்கு அழுகை வரவில்லை, கோபம் வந்தது. எனக்கு எதற்கும் முதலில் கோபம்தான் வரும். மற்றவை எல்லாம் பிறகு வரிசையில் நின்று வரும்.

லட்டு கொடுத்துவிட்டு வந்த இடம்

போன வாரம் அந்த மெஷினைத் திருப்பூரிலிருந்து லாரியில் ஏற்றிவந்த கதையைச் சொன்னேன். படிக்காதவர்களுக்காகச் சுருக்கமாக: நானும் ஷமீமும் ஒரே ஷூ கம்பெனியில், ஒரே லைனில், பக்கத்துப் பக்கத்து மெஷினில் பதினோரு வருஷம் அப்பர் தைத்தவர்கள். அப்பர் என்றால் ஷூவின் மேல்பாகம். வெளிநாட்டுக்காரர் காலில் இருக்கிற எத்தனையோ ஷூக்களின் மேல்தையல் என் தையலாக இருக்கும், எனக்குத்தான் அந்த ஊர்களைத் தெரியாது. ஒருநாள் சேமிப்பை எல்லாம் திரட்டி, யாரோ ஓட்டிக் கழித்த அந்த மெஷினை வாங்கினோம். வேலையை விட்டோம்.

விட்ட அன்றைக்கு நான் சும்மா இருந்திருக்கலாம். இருக்கவில்லை. லைன் முழுக்க எல்லோருக்கும் லட்டு கொடுத்தேன். மெஷின்கள் நின்றிருந்த டீ நேரத்தில் நாலு வார்த்தை பேசவும் செய்தேன். "இனிமே நாங்க யாருக்கு கீழயும் இல்ல" என்று ஒரு வரி அதில் வந்துவிட்டது. கை தட்டினார்கள். ஷமீம் தலையைக் குனிந்துகொண்டு லட்டில் இருந்த முந்திரியைத் தேடிக்கொண்டிருந்தாள்.

அப்போதுதான் குமரேசன் சார் வந்தார். கம்பெனியின் ப்ரொடக்‌ஷன் மேனேஜர். பேச்சு கம்மி, பார்வை ஜாஸ்தி. ஒரு லட்டை எடுத்தார், பாதி தின்றார், எங்கள் இரண்டு ஸ்டூலையும் பார்த்தார்.

"அந்த ஸ்டூலு ரெண்டும் அங்கயே இருக்கட்டும்" என்றார். "யாரையும் உக்கார வெக்க மாட்டேன். ஆறு மாசம் பாக்கறேன்."

மீதிப் பாதி லட்டைத் தின்றுகொண்டே போய்விட்டார்.

லைனில் ஸ்டூல் என்பது அவரவர் சொத்து மாதிரி. என் ஸ்டூலுக்குக் கழிவுத் தோல் துண்டுகளை ஒட்டுப்போட்டு நானே ஒரு மெத்தை தைத்திருந்தேன், ஐந்து நிறத்தில். ஷமீமின் ஸ்டூலுக்கு ஒரு கால் குட்டை. அடியில் ஒரு ஷூ சோல் துண்டை வைத்து ஆடாமல் நிறுத்தியிருந்தாள். அந்த இரண்டையும் காலியாக வைத்திருக்கப் போகிறாராம். நாங்கள் தோற்றுத் திரும்புவோம் என்று முகத்துக்கு நேராகச் சொன்னதாகத்தான் எனக்குப் பட்டது. பஸ்ஸில் வீட்டுக்கு வரும்வரை அவரைத் திட்டிக்கொண்டே வந்தேன்.

ஐந்து மாதம் ஓடிவிட்டது. கல்யாண ஜாக்கெட், பள்ளிக்கூடப் பை, எங்கள் சர்ச் பாடகர் குழுவின் அங்கியில் சிலுவை என்று சில்லறை வேலைகள் வந்தன. மெஷின் வாரத்தில் மூன்று நாள் ஓடியது, மூன்று நாள் தூங்கியது. ஆறாவது மாதமும் இப்படியே போனால் மெஷினை விற்றுவிட்டு லைனுக்குத் திரும்பிவிடுவது என்று நானும் ஷமீமும் பேசி வைத்திருந்தோம். லட்டு கொடுத்துவிட்டு வந்த இடத்துக்கு எந்த முகத்தோடு திரும்பிப் போவது என்பதைப் பற்றி மட்டும் பேசவில்லை.

அந்த நேரத்தில்தான் குமரேசன் சாரே போன் செய்தார். கம்பெனியில் எல்லோருக்கும் புதுக் கோட்டு தைக்கப் போகிறார்கள். மார்பில் கொக்கு வேண்டும். பழைய கோட்டில் இருந்த கொக்குகள் எல்லாம் உரிந்து தொங்கிக்கொண்டிருந்தன.

"சாம்பிள் போட்டுக் குடுங்க. என் ஆளுங்க லைன்ல பதினஞ்சு நாளு போடுவாங்க. பதினஞ்சாவது நாளு என் கையில ஒரு கோட்டு உருப்படியா இருந்தா மொத்தமும் உங்களுக்கு. இல்லன்னா ஸ்டூலு இருக்கு."

போனை வைத்ததும் ஷமீமிடம் சொன்னேன். அவள், "ஸ்டூல எதுக்கு திரும்பத் திரும்ப சொல்றாரு?" என்று மட்டும் கேட்டாள்.

எதில் போடுவது?

ஒரு வாசகர் கடிதம் எழுதியிருக்கிறார். 'சட்டையில் பெயர் போட வேண்டுமென்றால் பிரிண்ட் நல்லதா, எம்பிராய்டரி நல்லதா, ஒரு வரியில் சொல்லுங்கள்' என்று. ஐயா, ஒரு வரியில் சொல்ல முடிந்திருந்தால் இந்த வாரக் கட்டுரையே இல்லை.

எங்கள் முன்னால் மூன்று வழிகள் இருந்தன.

முதலாவது ஃபிலிம் பிரிண்ட். படத்தை ஒரு பிளாஸ்டிக் தாளில் அச்சடித்து, பசைத்தூள் தூவி, துணிமேல் வைத்துச் சூடாக அமுக்குவார்கள். தாளை உரித்தால் படம் துணியோடு நிற்கும். எத்தனை நிறம் இருந்தாலும் கவலையில்லை. கொக்கின் கண்ணுக்குள் இருக்கும் வெள்ளைப் புள்ளிகூடத் தெளிவாக வரும். அந்த மெஷின் எங்களிடம் கிடையாது. வேலூரில் ஒரு கடையில் அடித்து வாங்கிக்கொள்ளலாம்.

இரண்டாவது ஸ்கிரீன் பிரிண்ட். ஒவ்வொரு நிறத்துக்கும் ஒரு வலைச் சட்டம் செய்து, மேலே சாயத்தை இழுத்துத் தேய்ப்பது. கல்யாண வீட்டு மஞ்சள் பையில் மாப்பிள்ளை பெண் பெயர் இருக்குமே, அது. நிறையப் போட்டால் கட்டுப்படியாகும். வாணியம்பாடியில் பை அடிக்கிற ஒருவர் செய்து தருவதாகச் சொன்னார்.

மூன்றாவது எம்பிராய்டரி. எங்கள் சொந்த மெஷின், எங்கள் சொந்த நூல். ஆனால் கொக்குதான் ஒத்துழைக்கவில்லை.

அந்தக் கொக்கைப் பற்றிச் சொல்ல வேண்டும். முதலாளியின் அப்பா அந்தக் காலத்தில் பாலாற்றங்கரையில் பார்த்துத் தன் கையால் வரைந்ததாம். ஒற்றைக்காலில் நிற்கும். கால் ஒரு கோடு, மூக்கு ஒரு கோடு. அடியில் பொடி எழுத்தில் கம்பெனி பெயரும் ஒரு வாசகமும். ஜோடி ஜோடியாக ஷூ செய்கிற கம்பெனிக்கு ஒற்றைக்கால் கொக்கு எதற்கு என்று லைனில் எல்லோரும் சிரித்திருக்கிறோம். காகிதத்தில் அந்தக் கொக்கு அழகு. நூலில் வந்தால் அவதி. அத்தனை மெல்லிய கோட்டை மெஷின் தைக்கும்போது துணி இழுத்துக்கொள்ளும், கால் கோணும், பொடி எழுத்து எறும்புக் கூட்டமாகிவிடும்.

நான் ஃபிலிம் பிரிண்ட் பக்கம். ஷமீம் எம்பிராய்டரி பக்கம்.

"படம் எப்பிடி பளிச்சுனு வருது பாரு. துவைச்சாலும் போவாது, இஸ்திரி போட்டாலும் போவாது" என்று நான் வேலூர்க் கடைக்காரர் சொன்னதை அப்படியே சொன்னேன்.

"சோப்ப தாங்கும் ஸ்டெல்லா, சூட்ட தாங்கும். நம்ம ஆளுங்கள தாங்குமா?"

"நம்ம ஆளுங்க இன்னா, புலியா?"

"பேஜார் பண்ணாத. எனக்கு பிரிண்ட்டுன்னாலே அமிர்திதான் ஞாபகம் வருது" என்றாள்.

அமிர்தியில் நீல நெற்றி

அதையும் சொல்லிவிடுகிறேன். நாங்கள் கம்பெனியில் சேர்ந்த புதிது. லைன் முழுக்க ஒரு ஞாயிற்றுக்கிழமை வேலூருக்குப் பக்கத்தில் இருக்கும் அமிர்தி காட்டுக்கு டூர் கூட்டிப்போனார்கள். பஸ்ஸில் ஏறும்போதே ஆளுக்கு ஒரு வெள்ளைத் தொப்பி, முன்னால் நீலக் கொக்கு. எல்லோரும் ஒரே மாதிரித் தொப்பியோடு மான் பார்த்தோம், முதலை பார்த்தோம். எலுமிச்சை சாதமும் உருளைக்கிழங்கு வறுவலும் சாப்பிட்டுவிட்டு அருவிக்குப் போனோம். அருவியில் அன்று தண்ணீர் இருந்தது. தொப்பியைக் கழற்ற யாருக்கும் தோன்றவில்லை, புதுத் தொப்பி அல்லவா.

கரையேறிப் பார்த்தால் எல்லோர் நெற்றியும் நீலம். ஒருவரைப் பார்த்து ஒருவர் சிரித்து, சிரித்தவரும் நீலம் என்று தெரிந்து இன்னும் சிரித்தோம். சாயத்தைச் சூடு காட்டி இறுக விடாமல் அவசரத்தில் அடித்துக் கட்டிக் கொடுத்துவிட்டிருந்தார்கள்.

திரும்பும் வழியில் விரிஞ்சிபுரம் கோயிலில் பஸ் நின்றது. நானும் ஷமீமும் வெளியே புளியமர நிழலில் வேர்க்கடலை தின்றுகொண்டிருந்தோம். உள்ளே போய் வந்தவர்கள் சொன்னார்கள், குருக்கள் திருநீற்றுத் தட்டோடு வந்து, வரிசையாக நின்ற நீல நெற்றிகளைப் பார்த்துவிட்டு, "நீங்கள்லாம் எந்த ஊரு?" என்று கேட்டாராம்.

ஷமீம் முக்காட்டுக்கு மேலே தொப்பி போட்டிருந்தாள். அவள் நெற்றி தப்பியது, புது துப்பட்டா போனது. ஈத்துக்கு எடுத்த துப்பட்டா. அந்த நீலக் கறையோடு அது இன்றைக்கும் எங்கள் கடையில் மெஷின் துடைக்கிற துணியாக இருக்கிறது. பிரிண்ட் என்றால் அவள் முகம் ஏன் சுருங்குகிறது என்பது இப்போது உங்களுக்குப் புரிந்திருக்கும்.

இருவரும் விட்டுக்கொடுக்கவில்லை. கடைசியில் மூன்று கோட்டில் மூன்று விதமாகப் போட்டுக் கொடுத்துவிட்டோம். எது நிற்கிறதோ அதுவே எங்கள் வழி.

மூன்று கைகள்

இனி மறுபடியும் அந்தச் சனிக்கிழமை. கன்னியம்மா அக்கா இன்னும் வாசலில்தான் நிற்கிறார்.

ஷமீம் எழுந்து போய், அவர் கையைப் பிடித்து இழுத்துவந்து நாற்காலியில் உட்கார வைத்தாள். டீ சொன்னோம். டீ வந்ததும் அவர் வாய் திறந்தது. தெரியாது என்று சொன்னாரே, மூன்று கோட்டின் கதையும் அவருக்குத்தான் தெரிந்திருந்தது.

கால் போன கொக்கு ஃபிலிம் பிரிண்ட். என் கட்சி. அதைப் போட்டவர் பாபு அண்ணன், சோல் ஒட்டும் பிரிவு. நாள் முழுக்க சொல்யூஷன் என்கிற பசையோடு வேலை. பசை வழிந்தால் கிரேப் ரப்பர் துண்டால் தேய்த்து உருட்டி எடுத்துவிடுவார்கள். ஷூவில் ஒரு பொட்டுப் பசை தெரியக்கூடாது. இரண்டாம் நாள் கொக்கின் காலடியில் ஒரு சொட்டு விழுந்திருக்கிறது. அண்ணன் பேசிக்கொண்டே கிரேப்பை எடுத்துத் தேய்த்திருக்கிறார். பசையோடு சேர்ந்து காலும் உருண்டு வந்துவிட்டது.

"பாபு சொல்றான், 'கால் வந்ததே தெரியலக்கா, கிரேப்புக்கு எது ஷூ எது கொக்குன்னு தெரியுமா'ன்னு" என்றார் அக்கா.

மேகமாகிப்போனது ஸ்கிரீன் பிரிண்ட். போட்டவள் தேவி. முடித்த ஷூவைக் கிளீனர் தொட்ட துணியால் துடைத்துப் பளபளப்பாக்குவது அவள் வேலை. கொக்கின் முதுகில் பாலிஷ் தெறித்திருக்கிறது. கையில் இருந்த துணியாலேயே ஒரு துடை. பாலிஷ் போய்விட்டது, கொக்கும் போய்விட்டது. அவள் பயந்துபோய் மறுபடியும் துடைத்திருக்கிறாள்.

மூன்றாவது எங்கள் எம்பிராய்டரி. கன்னியம்மா அக்கா ஃபினிஷிங் பிரிவில் இருபது வருஷமாக ஒரே வேலை செய்கிறவர். தைத்த ஷூவில் நீட்டிக்கொண்டிருக்கும் நூல் முனைகளைச் சூட்டுக்காற்று அடிக்கும் ப்ளோயரால் பொசுக்குவது. அவர் கைபட்டு வந்த ஷூவில் ஒரு நூல் முனை இருந்ததாக, ஷூவை வாங்கும் எந்த வெளிநாட்டுப் பையரும் புகார் எழுதியதில்லை.

"சாப்பாட்டு டைம்மா. கோட்ட கழட்டி டேபிள் மேல வெச்சேன். கொக்கு மூக்குல ஒரு நூலு, இத்தினூண்டு, நீட்டிகினு இருக்குது. ப்ளோயர் கையிலதான் இருந்திச்சு." அவர் தன் வலது கையைப் பார்த்தார். "துணின்னு நெனப்பே வரல. தோலுன்னா தாங்கியிருக்கும்."

கோட்டுத் துணி பாலியெஸ்டர் கலந்தது. சூடு பட்டதும் உருகிச் சுருண்டு ஓட்டையாகிவிட்டது.

நான் பொங்கிவிட்டேன். "ஏங்க்கா, போட்டுக்கற கோட்டுக்கும் செய்யிற ஷூவுக்கும் வித்தியாசம் தெரியாதா? உங்க மூணு பேராலயும் நாங்க மறுபடி ஸ்டூல்ல போயி உக்காரணுமா?" என்று கேட்டேன். கேட்டிருக்கக்கூடாது. ஆனால் கேட்டேன்.

அக்கா டீ டம்ளரைக் கீழே வைத்தார். அவர் கோபப்படவில்லை.

"நூலு நீட்டிகினு இருந்தா என் கை சும்மா இருக்காது ஸ்டெல்லா. நூலு இல்லன்னா நான் ஏன் அதத் தொடப்போறேன்?"

ஷமீம் ஓட்டை விழுந்த கோட்டை எடுத்து உள்பக்கம் திருப்பினாள். மூக்கைச் சுற்றி இன்னும் மூன்று நூல் வால்கள் வெட்டாமல் தொங்கிக்கொண்டிருந்தன. அந்த மூன்றாவது கோட்டை ஃபிரேமிலிருந்து கழற்றி, கத்தரித்து, சரி பார்த்தது நான்.

தோலில் தைக்கிறவர்களுக்கு ஒரு பயம் உண்டு. ஊசி ஒருமுறை இறங்கினால் அந்த ஓட்டை போகாது. பிரித்துத் தைக்க வழியில்லை. அதனால் பதினோரு வருஷமும் ஒவ்வொரு தையலையும் மூச்சைப் பிடித்துக்கொண்டு தைத்தேன். ஒரு வால் விட்டதில்லை. துணிக்கு வந்ததும் அந்தப் பயம் போய்விட்டது. தப்பானால் பிரித்துக்கொள்ளலாம், துணிதானே என்கிற அலட்சியம் வந்துவிட்டது. அதையே லைனில் ஒருத்தி செய்திருந்தால் நான் அவளை உண்டு இல்லை என்று ஆக்கியிருப்பேன்.

"மூணு பேரும் ஒரு தப்பும் பண்ணல" என்றாள் ஷமீம். "கறைய எடுத்தாங்க, பாலிஷ துடைச்சாங்க, நூல பொசுக்கனாங்க. நாமதான் துணிய பாத்து போட்டோம். கைய பாத்து போடல."

எனக்கு வெட்கமாக இருந்தது. கோபம் வந்து முடிந்தபின் வரிசையில் அடுத்ததாக வருவது எனக்கு அதுதான். அக்காவிடம் மன்னிப்புக் கேட்டேன். அவர், "டீயில சக்கர கம்மி" என்றார்.

கொக்குக்குக் கால் பெருத்தது

பதினைந்து நாளில் பதினொரு நாள் மிச்சம் இருந்தது. பதினைந்தாவது நாள் ஒரு கோட்டு கையில் இருக்க வேண்டும் என்றுதானே சொன்னார், அதே கோட்டு என்று சொல்லவில்லை. அந்தத் தைரியத்தில் அன்று சாயங்காலமே குமரேசன் சாரைப் பார்க்கப் போனேன்.

"எம்பிராய்டரிதான் சார் நிக்கும். ஆனா கொக்கோட கால மொத்தமாக்கணும். மூக்கையும்."

"அது மொதலாளி அப்பா கையால வரைஞ்சது."

"தெரியும் சார். இப்ப இருக்கற காலுக்கு நூல் போட்டா துணி சுருங்குது. அப்புறம் அந்தப் பொடி எழுத்து. பேர மட்டும் வெச்சுக்கலாம், வாசகம் வேணாம். சோத்துப் பருக்க அளவுக்காவது எழுத்து இருந்தாத்தான் நூல்ல படிக்க வரும்."

அவர் வழக்கம்போல என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். "இன்னும் இன்னா இன்னா எடுக்கணும் கொக்குலேர்ந்து?"

"கண்ணுல இருக்கற வெள்ளப் புள்ளி."

"எடுத்துடுங்க" என்றார். "மொதலாளிகிட்ட நான் பேசிக்கறேன். வயசானா கொக்குக்கும் கால் வீங்கும்." அவர் சிரித்து நான் பார்த்தது அதுதான் முதல் தடவை.

அதன்பிறகு ஷமீம் கம்ப்யூட்டர்முன் உட்கார்ந்தாள். படத்தை மெஷினுக்குப் புரிகிற தையலாக மாற்றும் வேலைக்கு எங்கள் தொழிலில் பஞ்சிங் என்று பெயர். அதில் அவள் கெட்டிக்காரி, பொறுமைசாலி. எனக்கு இரண்டும் கிடையாது. கால் இவ்வளவு போதுமா, இன்னும் கொஞ்சமா என்று இரண்டு நாள் அந்தக் கொக்கோடு மல்லுக்கட்டினாள். பழைய துணியில் பத்துப் பன்னிரண்டு கொக்கு தைத்துப் பார்த்தோம். சில வாத்தாக வந்தன. ஒன்று டீக்கடைக்காரர் சாயலில் இருந்தது. உள்பக்கம் விறைப்பான பேப்பர் வைத்ததும் துணி சுருங்குவது நின்றது.

சரியாக வந்த கொக்கை ஒரு புதுக் கோட்டில் தைத்தோம். உள்பக்கத்து வால்களை நான் வெட்டினேன். ஒவ்வொன்றாக, தோல் என்று நினைத்துக்கொண்டு, மூச்சைப் பிடித்துக்கொண்டு. பின்பக்கம் முழுதையும் மூடி மெல்லிய துணி ஒன்றை இஸ்திரி போட்டு ஒட்டினேன். பாபு அண்ணனிடம் ஒரு துண்டு கிரேப்பும் தேவியிடம் ஒரு குப்பி கிளீனரும் வாங்கி வைத்திருந்தோம். சோதனைக்குத் தைத்த இன்னொரு கொக்கின் மேல் பசையைச் சொட்டவிட்டுத் தேய்த்தோம், கிளீனரால் துடைத்தோம். நூல் கொஞ்சம் மங்கியது. கொக்கு அப்படியே நின்றது.

இனி கன்னியம்மா அக்கா.

திங்கட்கிழமை வேலை விட்டு வரும்போது கடைக்கு வரச் சொல்லியிருந்தோம். எதற்கென்று சொல்லவில்லை. கோட்டை மேசைமேல் கொக்கு தெரியும்படி விரித்துவைத்தோம். பக்கத்தில் சமோசா, டீ, இந்தத் தடவை சக்கரை ஜாஸ்தி. அவர் வந்தார், உட்கார்ந்தார், மகளின் கல்லூரி பற்றிப் பேசினார், பஸ்ஸில் நடந்த சண்டையைச் சொன்னார். நானும் ஷமீமும் உம் கொட்டிக்கொண்டு அவர் வலது கையையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

பேச்சின் நடுவில் அந்தக் கை தானாகக் கோட்டுக்குப் போனது. கட்டைவிரல் கொக்கின் முதுகில் போனது, கழுத்தில் ஏறியது, மூக்கின் நுனிக்கு வந்தது. அங்கே கொஞ்ச நேரம் நின்றது. பிறகு கோட்டைத் திருப்பிப்போட்டு உள்பக்கம் தடவியது. ஷமீம் என் புறங்கையைக் கிள்ளினாள். ரத்தம் வராத குறை.

அக்கா பஸ் சண்டையை முடித்துவிட்டார். கை கோட்டிலிருந்து எழுந்து சமோசாவை எடுத்தது.

"அப்புறம், எதுக்குக் கூப்பிட்டீங்க?" என்றார்.

ஆட்டோவில் வந்தவை

அந்தக் கோட்டை மறுநாளிலிருந்து அவர்தான் போட்டார். தினம் சாயங்காலம் கம்பெனி பஸ் கடைவீதியில் நிற்கும்போது, ஜன்னல் வழியாக நெஞ்சைத் தட்டிக் காட்டிவிட்டுப் போவார். கொக்கு இருக்கிறது என்று அர்த்தம். பஸ் போனபிறகுதான் நாங்கள் கடைக்குத் திரும்புவோம்.

பதினைந்தாவது நாள் மத்தியானம் போன் வந்தது. நான் எடுக்கவில்லை, தைரியம் இல்லை. ஷமீம் எடுத்தாள். "ஆமா சார்… சரிங்க சார்… சரி" என்றாள். வைத்துவிட்டு, "துணி அனுப்பிட்டாராம், முழுசா. ஆட்டோ வந்துகினு இருக்குது" என்றாள்.

நான் அவளைக் கட்டிப்பிடித்துக்கொண்டேன். அவள் மூச்சு முட்டுகிறது என்றாள்.

ஆட்டோ வந்தது. வெட்டிய கோட்டுத் துணிகள் கட்டுக்கட்டாக. அவற்றின் மேலே, கயிற்றால் கட்டி, தலைகீழாக இரண்டு ஸ்டூல்கள். ஒன்றில் ஐந்து நிறத் தோல் மெத்தை. இன்னொன்றின் குட்டைக் காலில் ஒரு ஷூ சோல் துண்டை யாரோ ரப்பர் பேண்ட் போட்டு மாட்டி அனுப்பியிருந்தார்கள்.

நான் உடனே போனை எடுத்து குமரேசன் சாரைக் கூப்பிட்டேன். இன்னும் சவாலா, என்ன அர்த்தம் இதற்கு என்று கேட்பதாக இருந்தேன்.

அவர் முந்திக்கொண்டார். "ஸ்டூலு வந்துடுச்சாம்மா? ரெண்டு சீட்டு ஏன் காலியா இருக்குது, ஏன் ஆளு போடலன்னு மேல இருக்கறவங்க மாசா மாசம் கேக்கறாங்க. வந்துடுவாங்க, வந்துடுவாங்கன்னு சொல்லிச் சொல்லி எனக்கு வாய் வலிச்சுப்போச்சு. இனிமே உங்களுக்கு அந்த இடம் வேணாம் இல்ல. நாளைக்கு வேற ஆளு போட்டுடறேன்."

ஆறு மாதமாக நான் திட்டிக்கொண்டிருந்த மனுஷர், நாங்கள் விழுந்தால் உட்கார ஒரு இடம் வேண்டுமே என்று ஆறு மாதமாகப் பதில் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறார்.

"தேங்க்ஸ் சார்" என்றேன். அதற்குள் அவர் வைத்துவிட்டார்.

"எனக்கு அன்னிக்கே கொஞ்சம் தோணிச்சு" என்றாள் ஷமீம்.

"சொல்லியிருக்கலாம் இல்ல?"

"நீ திட்டிகினே இருந்தியே. எங்க சொல்றது?"

பிளாஸ்டிக் நாற்காலிகளை வாசலுக்கு எடுத்துப் போட்டோம், வருகிறவர்களுக்கு ஆகும் என்று. ஸ்டூல்களை மேசை முன்னால் போட்டு உட்கார்ந்தோம். உட்கார்ந்த பிறகுதான் தெரிந்தது, மேசை எங்கள் தாடை வரைக்கும் இருந்தது. லைனில் இருந்த மேசைகள் தாழ்வு, ஸ்டூலும் அதற்கேற்ற தாழ்வு. சோதனைக்குத் தைத்த கொக்கைத் தூக்கி மேசைமேல் வைத்தால் அது எங்கள் மூக்குக்கு நேராக நின்றது.

"ஸ்டூலுக்கு கால் வெச்சு உயரம் பண்ணிக்கலாமா?" என்று கேட்டேன்.

ஷமீம் என்னைப் பார்த்தாள். பிறகு நாங்கள் இரண்டு பேருமே அந்த ஸ்டூல்களைப் பார்த்தோம்.

அடுத்த தெரு ஆசாரியைக் கூப்பிட்டுவந்து மேசையின் நாலு காலிலும் ஒரு அடி அறுத்தோம்.